நீராவி மைனஸ்ல வந்த கதை

இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற ரீயூனியன் தீவோட மேற்குக் கரைல, சேன்-போல்ங்கிற ஊர்ல நான் குடியிருக்கிற வீட்டு மொட்டை மாடில காரைக்கால் அண்ணி கூழ் வடகம் ஊத்தினா ரெண்டே நாள்ல கலகலன்னு காஞ்சிடும். அவங்க தங்கச்சி தீவோட அந்தப்பக்கம் சேன்-தாந்த்ரேல இருக்காங்க, அதே மாவு அதே கைப்பக்குவம், ஆனா அங்க நாலு நாளானாலும் நடுவுல பிசுபிசுன்னுதான் நிக்கும், அதனால வருஷா வருஷம் மாவைத் தூக்கிட்டு பஸ் ஏறி இங்க வந்து ஊத்தி எடுத்துட்டுப் போவாங்க. தென்கிழக்குல இருந்து வர்ற காத்து கடல் ஈரத்தை எல்லாம் கிழக்குப்பக்க மலைல கொட்டிட்டு இந்தப்பக்கம் இறங்கும்போது வறண்டு போய் இறங்குது, அவ்வளவுதான் விஷயம். ரீயூனியனோட நீளமே 63 கிலோமீட்டர். நான் பொழப்புக்கு நோண்டிட்டு இருக்கிற சேட்டிலைட் டேட்டால, அக்வா சேட்டிலைட்ல இருக்கிற ஏர்ஸ்ங்கிற அகச்சிவப்பு கருவியோடது, ஒரு புள்ளிங்கிறது சுமார் 45 கிலோமீட்டர் அகலம். அந்த மாடி, இந்த மாடி, நடுவுல 3070 மீட்டர் பித்தோன் தெ நேழ் மலை, சுத்தி இருக்கிற கடல் எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே ஒரு நம்பர்.

என்ன நம்பர்னா, தலைக்கு மேல இருக்கிற காத்துல உள்ள மொத்த நீராவியையும் பிழிஞ்சு தரைல ஊத்தினா எத்தனை மில்லிமீட்டர் தண்ணி நிக்கும்ங்கிற கணக்கு. மழைக்காலத்துல நம்ம பக்கத்து வெப்பமண்டலக் கடல் மேல 50, 60 கூட வரும், துருவத்துப் பக்கம் போனா சில மில்லிமீட்டர்தான். சேட்டிலைட் சொல்ற நம்பரை தரைல இருந்து அளக்கிற நம்பரோட ஒப்பிட்டு எங்க ஒத்துப்போகுது, எங்க இடிக்குதுன்னு பார்க்கிறதுதான் என் வேலை. ஊர்ல அம்மாகிட்ட இதை விளக்கப் போய், "அப்ப மழை எப்பன்னு சொல்லுவியா"ன்னு கேட்டாங்க, இல்லம்மான்னேன், அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

தரைப்பக்கம் எனக்கு பிடிச்சது ஜிபிஎஸ்தான். பலூன்ல கருவியைக் கட்டி விடலாம், ஆனா அது செகண்டுக்கு 5 மீட்டர்னு ஏறிக்கிட்டே காத்தோட எங்கயாவது போயிடும், மேல போய் சேர்றப்ப நம்ம ஊருக்கு மேலயே இருக்காது, பழைய மாடல் சிலதுல பகல் வெயில்ல சென்சார் சூடாகி ஈரத்தை கம்மியா வேற காட்டும். ஜிபிஎஸ் ரிசீவர் அப்படி இல்ல, ஒரே இடத்துல குந்திக்கிட்டு ராத்திரி பகல், மேகம் மழை எதுவும் பார்க்காம அளந்துட்டே இருக்கும். ஜிபிஎஸ் சேட்டிலைட்ல இருந்து வர்ற சிக்னல் காத்துக்குள்ள நுழைஞ்சதும் கொஞ்சம் மெதுவாகும். நேர் மேல இருந்து வந்தா, கடல் மட்டத்துல, காஞ்ச காத்தால மட்டும் சுமார் 2.3 மீட்டர் தூரத்துக்கு சமமான தாமதம். நீராவியால வர்றது அதுக்கு மேல ஒரு 30, 40 சென்டிமீட்டர் வரைக்கும். அந்த 2.3 மீட்டரை காத்தழுத்தத்தை வச்சு துல்லியமா கணக்குப் போட்டுக் கழிச்சிடலாம், மிச்சம் நிக்கிறதுல தோராயமா 6.5 மில்லிமீட்டர் தாமதத்துக்கு 1 மில்லிமீட்டர் தண்ணி. சர்வே பண்றவங்களுக்கு தொல்லையா இருந்த ஒரு பிழையை 1990கள்ல இப்படி அளவுகோலாவே மாத்திட்டாங்க, எப்ப நினைச்சாலும் எனக்கு அது ஆச்சரியம்தான்.

கழிக்கணும்னு சொன்னேன்ல, அங்கதான் நான் விழுந்தேன்.

முதல்ல கடலோரமா, 50 மீட்டர் உயரத்துல இருக்கிற ஒரு ஜிபிஎஸ் ஸ்டேஷனை எடுத்துப் பார்த்தேன். படம் ரொம்ப அழகா வந்துச்சு, ரெண்டு கோடும் சேர்ந்து ஏறுது சேர்ந்து இறங்குது, ஆனா சேட்டிலைட் எப்பவும் ஒரு 2 மில்லிமீட்டர் கூடுதலா நிக்குது. சரி, சேட்டிலைட்தான் ஈரத்தை கூட்டிக் காட்டுதுன்னு நானே தீர்ப்பு எழுதிட்டேன், ரிப்போர்ட்ல ஒரு பாரா கூட அடிச்சாச்சு, ஏன் கூட்டிக் காட்டுதுன்னு காரணம் கூட நாலு கண்டுபிடிச்சேன், தேடினா காரணம் கிடைக்காமலா போகும். அப்புறம் அதே ஸ்க்ரிப்ட்டை மைடோ மலை மேல 2160 மீட்டர்ல இருக்கிற ஸ்டேஷனுக்கு ஓட்டினேன். படம் காலி. ஒரு புள்ளி இல்ல. டேட்டா இல்ல போலன்னு நினைச்சு ஃபைலைத் திறந்தா உள்ள எல்லாம் நிறைஞ்சு கிடக்கு. ரெண்டு நாள் முட்டிக்கிட்டேன்.

சாயங்காலம் மாடில காரைக்கால் அண்ணன் வடகத்தைப் புரட்டிட்டு இருந்தாரு.

"என்ன தம்பி, மூஞ்சி தொங்கிப் போயிருக்கு?"

"ஒண்ணுமில்லண்ணே, மலை மேல தண்ணியே காட்டமாட்டேங்குது."

"மேல ஏதுப்பா தண்ணி, எல்லாம் மேகத்துக்கு கீழதானே."

அவர் சொன்னது பாதி சரிதான், நீராவில பெரும்பாலானது கீழ ரெண்டு கிலோமீட்டருக்குள்ளயே இருக்கு, மைடோல நின்னா தலைக்கு மேல கடலோரத்துல இருக்கிறதுல மூணுல ஒரு பங்கு, மிஞ்சிப்போனா கொஞ்சம் கூட. ஆனா சுத்தமா இல்லாம எப்படிப் போகும்னு ராத்திரி உக்காந்து வரி வரியா பார்த்தேன். எப்பவோ எழுதின ஒரு வரி கண்ணுல பட்டுச்சு: சுழிக்கு கீழ வந்தா தூக்கிப் போட்டுடு. அதை எடுத்துட்டு ஓட்டினேன், மொத்த வருஷமும் மைனஸ்ல வந்து நின்னுச்சு. மறுநாள் அண்ணன்கிட்ட சொன்னதும், "தண்ணி மைனஸ்லயா? அப்ப மலை யார்கிட்டயோ கடன் வாங்கியிருக்கு"ன்னாரு.

கடன் வாங்கினது நான்தான். வானிலை ஃபைல்ல காத்தழுத்தத்துக்கு ரெண்டு வரிசை இருக்கும், ஒண்ணு அந்த இடத்துல நிஜமா அளந்தது, இன்னொண்ணு கடல் மட்டத்துக்கு மாத்திக் கணக்குப் போட்டது, டிவில காட்டுற மேப்புக்கு அதுதான் தோது. நான் ரெண்டாவதை எடுத்திருக்கேன். மைடோல நிஜ அழுத்தம் 790 ஹெக்டோபாஸ்கல் பக்கம், நான் குடுத்தது 1015. 1 ஹெக்டோபாஸ்கலுக்கு 2.3 மில்லிமீட்டர் தாமதம்னா, இல்லாத காத்துக்கு அரை மீட்டருக்கு மேல கழிச்சிருக்கேன், தண்ணிக் கணக்குல அது 80 மில்லிமீட்டர். கடலோரத்துல 50 மீட்டருக்கு வித்தியாசம் 6 ஹெக்டோபாஸ்கல் கூட வராது, தண்ணிக் கணக்குல சரியா 2 மில்லிமீட்டர். அதாவது சேட்டிலைட் கூட்டிக் காட்டல, நான் ஜிபிஎஸ்ல குறைச்சிருக்கேன். அந்த பாராவை அழிச்சேன். நாலு காரணத்தையும்.

சரி பண்ணின பிறகும் மைடோல இடிக்கத்தான் செய்யுது, ஆனா அது வேற சண்டை. சேட்டிலைட் புள்ளில பாதி கடல், அங்க நீராவி கணக்கு கடல் மட்டத்துல இருந்து ஆரம்பிக்கும், மைடோ 2160க்கு மேலதான் பார்க்கும், அதனால சேட்டிலைட் குடுக்கிற அடுக்குகள்ல அந்த உயரத்துக்கு கீழ உள்ளதை வெட்டிட்டுத்தான் ஒப்பிடணும். அப்புறம் நேரம். மைடோவுக்கு டூர் வர்றவங்க எல்லாரும் காலைல ஒன்பது மணிக்குள்ள மேல போயிடுவாங்க, ஏன்னா அதுக்கப்புறம் மேகம் ஏறி மஃபாத் பள்ளத்தாக்கை மூடிடும், வெயில் ஏற ஏற சரிவு வழியா கீழ இருந்து ஈரமும் சேர்ந்து மேல ஏறும். அக்வா இத்தனை வருஷமா பகல்ல கடந்து போனது மதியம் ஒன்றரை மணிவாக்குல, சரியா அந்த நேரம். அகச்சிவப்பு கருவிக்கு கெட்டி மேகத்தைத் தாண்டிப் பார்க்க முடியாது, அதனால தெளிவா இருக்கிற நாளா பொறுக்கி எடுத்தாத்தான் ஒப்பிடவே முடியும், பொறுக்கின நாள் எல்லாம் இயல்பாவே காஞ்ச நாள். வருஷ சராசரின்னு போட்டா அது காஞ்ச நாட்களோட சராசரி. மைடோல இருக்கிற லேசர் கருவி, 1.2 மீட்டர் டெலஸ்கோப் வச்சது, உயரம் உயரமா நீராவி அளக்கும், அதுக்கு ராத்திரி இருட்டு வேணும். அக்வாவோட மதிய அளவை அதோட வச்சுப் பார்த்தா, ஒருத்தர் பகல் சாட்சி, ஒருத்தர் ராத்திரி சாட்சி.

அந்த சுழிக்கு கீழ வரி மட்டும் மனசுல உறுத்திட்டே இருந்துச்சு. 2022 ஜனவரி 15ல டோங்கா பக்கம் கடலடி எரிமலை வெடிச்சப்ப சுமார் 15 கோடி டன் நீராவி, மேகங்களுக்கெல்லாம் மேல இருக்கிற ஸ்ட்ராடோஸ்பியர் அடுக்குக்குள்ள போச்சு, அங்க ஏற்கனவே இருந்ததுல பத்துல ஒரு பங்கு. ஔரா சேட்டிலைட்ல இருந்த கருவி அதைப் பார்த்துடுச்சு, ஆனா அளவு அவ்வளவு அசாதாரணமா இருந்ததால வழக்கமான தரச் சல்லடைல பல அளவுகள் நிராகரிக்கப்பட்டிருக்கும், சல்லடையை ஒதுக்கி வச்சுட்டுத்தான் பார்க்க வேண்டியிருந்துச்சு. அந்தப் புகை இந்தியப் பெருங்கடல் மேல வந்தப்ப இந்தத் தீவுல இருந்து சில நாள்லயே பலூன் விட்டாங்க. வழக்கமா பத்து லட்சத்துல அஞ்சு பங்கு இருக்கிற உயரத்துல 300க்கு மேல வந்துச்சு. பலூன் தொட்டுப் பார்த்துட்டு வந்து சொன்ன பிறகு யாரு மறுக்கிறது.

என் ஸ்க்ரிப்ட்ல இப்ப எதையும் தூக்கிப் போடுறதில்ல, மைனஸ் வந்தா ஓட்டத்தை நிறுத்திட்டு எனக்கு மெயில் அடிக்கும். நேத்து ராத்திரி ஒண்ணு வந்துச்சு, கடலோர ஸ்டேஷன். இன்னும் திறந்து பார்க்கல, அண்ணி தங்கச்சி மாவோட வந்திருக்காங்க, மாடில பாய் விரிக்க கூப்பிடுறாங்க.