காந்தமில்லாமல் சுழன்ற சுருள்

நாம் படித்த பௌதிக ஆய்வகத்தின் கோடியில், கடல் பார்த்த ஜன்னலுக்கு எட்டாத இடத்தில், ஒரு மரச்சட்டம் நின்றது நினைவிருக்கும். சதுரச் சட்டம், விளிம்புப் பள்ளத்தில் தாமிரக் கம்பி, நடுவே செங்குத்தாகப் பித்தளைத் தண்டு. பக்கத்தில் கைப்பிடி வைத்த பெரிய மரக்கப்பி. சுற்றினால் சட்டம் சுழலும். ஆனால் காந்தம் எங்கும் இருக்காது. புதிதாக வந்த பிள்ளைகள் மேசைக்கு அடியில் குனிந்து தேடுவார்கள். பௌதிக சார் சொல்வார்: "காந்தத்தத் தேடாதீங்கப்பா, நாம நிக்கிறதே அதுக்குள்ளதான்."

பூமியின் காந்தப்புலத்தில் சுழலும் சுருள் எத்தனை மில்லிவோல்ட் தரும் என்று தாளில் போட்டுக் காட்டிய பிறகுதான் கைப்பிடியைத் தொட விடுவார்கள். இந்தச் சோதனைக்கு நம் இராமநாதபுரக் கடற்கரையைப் போல வாய்த்த இடம் குறைவு. புலம் தரைக்கு இணையாக ஓடும் காந்த நடுக்கோடு இந்தியாவின் தென்முனையை ஒட்டிப் போகிறது. 1963-இல் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் அதுதான் காரணம். ஆகவே மண்டபத்திலோ கீழக்கரையிலோ புலம் தரைக்கு இணையாக, வடக்கு நோக்கிக் கிடக்கிறது. புலம் தரையிலிருந்து சாயும் சரிவுக் கோணம் சில டிகிரிதான். அளவு ஏறத்தாழ 40 மைக்ரோ டெஸ்லா. லண்டனில் சரிவு 66 டிகிரியை ஒட்டி இருக்கும், புலம் தரைக்குள் குத்தி இறங்கும், கிடைத்தளக் கூறு 20 மைக்ரோ டெஸ்லா அளவில் நின்றுவிடும்.

கணக்குக்கு வருவோம். 26 கேஜ் எனாமல் கம்பி, 500 சுற்று. பள்ளத்தின் அடியில் பக்கம் 20 செ.மீ., கம்பி 1 செ.மீ. தடிமனுக்கு ஏறி நிற்கும். பரப்பு எவ்வளவு? பெரும்பாலும் 0.04 சதுர மீட்டர் என்றே எழுதுவோம். அங்கேதான் முதல் பிழை. உள்சுற்று 20 செ.மீ., வெளிச்சுற்று 22 செ.மீ. என்றால் நடுச்சுற்று 21 செ.மீ. பரப்பு 0.0441. பத்து சதவீத வித்தியாசம் இந்த ஒரு சென்டிமீட்டரிலேயே போய்விடுகிறது.

இனி சூத்திரத்தை மனப்பாடமாக ஒப்பிக்காமல் பாயத்தை, அதாவது சுருளுக்குள் புகும் காந்தப்புலத்தின் மொத்த அளவை, எண்ணுவதுதான் முறை. சுருளின் தளம் புலத்துக்குச் செங்குத்தாக நிற்கும்போது உள்ளே போகும் பாயம், சுற்றுகளையும் சேர்த்து, 500 × 0.0441 × 0.00004 = 0.000882 வெபர். அரைச் சுற்றில் அது தலைகீழாகிறது, மாற்றம் இரு மடங்கு. ஒரு முழுச் சுற்றில் இப்படி இரண்டு முறை. எனவே வினாடிக்கு n சுற்று சுழன்றால் சராசரி மின்னியக்கு விசை (சுருளில் பிறக்கும் மின்னழுத்தம்) 4 × n × 0.000882. பெரிய கப்பி 30 செ.மீ., கயிற்றால் அதோடு இணைந்த தண்டிலுள்ள சிறிய கப்பி 10 செ.மீ., கைப்பிடியை நிமிடத்துக்கு 80 முறை சுற்றினால் சுருள் 240, அதாவது வினாடிக்கு 4. விடை 14.1 மில்லிவோல்ட். பை (π) வரவே இல்லை! உச்ச மதிப்பு வேண்டுமென்றால்தான் கோணத் திசைவேகம் 25.1-ஆல் பெருக்க வேண்டும், 22.1 மில்லிவோல்ட் வரும். 14.1 அதில் 2/π பங்கு.

இந்த 14.1-ஐ மீட்டரில் பார்க்க நழுவு வளையம் (சுருளின் ஒவ்வொரு முனைக்கும் ஒரு முழு வளையம்) உதவாது. 4 ஹெர்ட்ஸ் மாறுமின்னழுத்தத்தைச் சாதாரண மல்டிமீட்டரின் ஏசி பக்கம் ஒழுங்காகக் காட்டாது. பிளவு வளையம் (இரண்டாகப் பிளந்து, அரைச் சுற்றுக்கு ஒருமுறை இணைப்பை மாற்றுவது) போட்டால் நேர்மின்னாக வரும், 200 மில்லிவோல்ட் டிசி அளவில் படிக்கலாம். இலக்கங்கள் ஆடிக்கொண்டே இருக்கும், பத்துத் தடவை எழுதிச் சராசரி எடுக்க வேண்டும். கால்வனாமீட்டரின் முள் அந்தச் சராசரியைத் தானே எடுத்துவிடும். ஆனால் அது மின்னோட்டத்தைக் கேட்கும் கருவி. சுருளின் மின்தடை 44 ஓம், கால்வனாமீட்டர் 100 ஓம், ஆக 98 மைக்ரோ ஆம்பியர்.

கடற்கரைக்கே உரிய தொல்லை இங்கேதான். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பித்தளை வளையத்தில் பச்சையாகக் களிம்பு ஏறும். வளையத்தை உரசி மின்னோட்டத்தை வெளியே எடுக்கும் பிரஷ் தொடும் இடத்தில் 15 ஓம் கூடினாலே மின்னோட்டம் 89-க்கு இறங்கிவிடும். மல்டிமீட்டரில் இந்தக் குறை தெரியாது, அதன் தடை லட்சக்கணக்கான ஓம். இரண்டு கருவியும் வேறு வேறு கதை சொன்னால் கணக்கைச் சந்தேகிக்காமல் வளையத்தைத் துடைக்க வேண்டும்: ஜீரோ நம்பர் உப்புத்தாள் ஒரு தடவை, பிறகு ஸ்பிரிட் நனைத்த துணி. துடைத்த இடத்தை விரலால் தொடக் கூடாது, நம் வியர்வையிலும் உப்புத்தான்.

இரும்பு இன்னொரு எதிரி. சட்டத்தை இரும்பு ஆணியால் அடித்தால் ஆணியும் காந்தமேறிச் சுருளோடு சேர்ந்து சுற்றும். பித்தளைத் திருகு, அல்லது பசை. ஜன்னல் கம்பி, இரும்பு பீரோ எல்லாம் தள்ளி இருக்க வேண்டும். படகில் காம்பஸை எஞ்சினுக்குத் தள்ளி வைக்கிற அதே காரணம். வலை நைலான் கயிறு கப்பியில் வழுக்கும், 80 சுற்றியும் சுருள் 240 சுற்றியிராது. முறுக்கிய பருத்திக் கயிறுதான் பிடிக்கும்.

தண்டைப் படுக்கவைத்து வடக்கு தெற்காக நீட்டிச் சுற்றினால் அளவு சரிந்துவிடும். புலம் அச்சோடு ஓடுகிறது, சுருளுக்குள் புகுவது சரிவினால் வரும் செங்குத்துக் கூறு மட்டுமே. சரிவு 3 டிகிரி என்றால் 2 மைக்ரோ டெஸ்லா, மீட்டரில் 0.7 மில்லிவோல்ட். கிழக்கு மேற்காகத் திருப்பினால் 14 திரும்பி வரும். லண்டனில் இருப்பவர்கள் இதே சுருளைச் செங்குத்துத் தண்டில் சுற்றிப் பாருங்கள், 7 மில்லிவோல்ட்தான் கிடைக்கும்.

பிரஷ் நிற்கும் திசையும் முக்கியம். சுருளின் தளம் புலத்துக்குச் செங்குத்தாகும் கணத்தில் பிளவு வளையம் இணைப்பை மாற்ற வேண்டும். பிரஷ் δ கோணம் தவறினால் அளவு cos δ பங்காகக் குறையும். 10 டிகிரி தவறினாலும் 0.2 மில்லிவோல்ட்தான் குறையும், ஆகவே உச்சத்தைத் தேடித் திசையைப் பிடிக்க முடியாது. பீடத்தைத் திருப்பிச் சுழியை, அதாவது மீட்டர் பூஜ்யம் காட்டும் திசையை, தேட வேண்டும். அங்கே 1 டிகிரிக்கே 0.25 மில்லிவோல்ட் நகரும். சுழி கிடைத்ததும் 90 டிகிரி திருப்பினால் காந்த வடக்கு கையில். 1927-இல் லிண்ட்பெர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தில் இருந்த திசைகாட்டி இதே தத்துவம்தான், சுருளைக் காற்று சுழற்றியது. நம் ஆய்வகத் தரையில் இருந்த சுண்ணாம்புக் கோடும் இப்படிச் சுழி பிடித்துப் போட்டதுதான்.

கடைசியில் கைப்பிடியை எதிர்ப்பக்கமும் சுற்ற வேண்டும். வலமாக 14.0, இடமாக −13.8 என்றால் உண்மை 13.9. மீதி 0.1 மீட்டரின் சொந்தப் பிசகும், பிரஷ் உரசிச் சூடாவதில் பிறக்கும் வெப்ப மின்னழுத்தமும்.