பதினோராம் அத்தியாயம்

ஜூன் 11
ரிப்போர்ட் அடுத்த வெள்ளிக்கிழமைதானாம்.

ஜூன் 12
அப்பா கண்ணயர்ந்தால்தான் நோட்டைத் திறக்க முடிகிறது. எஸ்.பி.எல். (பள்ளி மாணவர் தலைவர்) தேர்தலில் முத்துச்செல்விக்கு 143, அன்வருக்கு 143. ஹெச்.எம். மேஜையில் பிஸ்கட் டின் கவிழ்ந்து கிடக்கிறது. இதற்கு மேல் கதை நகரவில்லை. யாரை ஜெயிக்கவைத்தாலும் தோற்ற பிள்ளையின் முகத்தை நான்தானே எழுத வேண்டும்.

ஜூன் 13
நிஜத் தேர்தலில் இப்படி ஆனால் மறுபடி ஓட்டெடுப்பு கிடையாது, சீட்டுக் குலுக்கல்தான். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951, பிரிவு 65. யார் பேருக்குச் சீட்டு விழுகிறதோ, அவருக்குக் கூடுதலாக ஓர் ஓட்டு கிடைத்ததாகவே கணக்கு. ஆக, அதிர்ஷ்டத்துக்கும் இந்த நாட்டில் ஓட்டுரிமை உண்டு! முத்துச்செல்வி காதில் விழுந்தால் சண்டைக்கு வருவாள்.
அப்பா இரண்டு இட்லி சாப்பிட்டார்.

ஜூன் 14
தூக்கம் இல்லை. உத்திரமேரூர் கல்வெட்டைத் தேடிப் படித்தேன். முதலாம் பராந்தகன் காலம், முப்பது குடும்பு, அதாவது வார்டு, குடவோலை. பரீட்சைக்குப் படித்து மறந்ததுதான். வயது 35க்கு மேல், 70க்குள். கணக்குக் காட்டாதவன் மட்டுமல்ல, அவன் சொந்தபந்தமும் பொறுப்புக்கு வர முடியாது. இதை அன்வர் பேச்சில் வைத்தே தீருவேன். ஆனால் நிலமில்லாதவன் பெயர் ஓலையிலேயே ஏறாது. அது பிராமணர்களின் சபை. மேடையில் முழங்குகிறவர்கள் இந்த வரி வந்ததும் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார்கள்.

குடத்தில் கைவிட்டு ஓலை எடுப்பது யார் தெரியுமா? ஒன்றும் அறியாத ஒரு சின்னப் பையன். அத்தனை பெரிய மனிதர்களுக்கு நடுவே. அவன் பெயர் கல்வெட்டில் இல்லை. அவனுக்கு அந்த ஊரில் ஒரு சொல்லும் இல்லை. குனிகிறான், எடுக்கிறான், விளையாடப் போயிருப்பான்.

ஜூன் 15
என் பள்ளியில் ஒன்றாம் வகுப்புக்கு ஏன் ஓட்டு இல்லை?

ஜூன் 16
அண்ணன் மகள் வந்தாள். தாத்தாவின் ஆரஞ்சை உரித்துத் தின்றுகொண்டே எல்லா அத்தியாயத்தையும் முடித்தாள். “அத்தே, அன்னைக்கு யாரு லீவு?”
பதில் சொல்லத் தெரியவில்லை.

ஜூன் 17
கர்நாடகத்தில் சந்தேமரஹள்ளி, 2004 சட்டமன்றத் தேர்தல். 40,752க்கு 40,751. ஒரே ஓட்டு. தோற்றவரின் டிரைவர் வேலையில் மாட்டிக்கொண்டு ஓட்டுப் போடவில்லை என்று சொல்வார்கள். காலையிலிருந்து அந்த டிரைவர்தான் மனசில். வண்டியை எந்த முகத்தோடு எடுத்திருப்பார்?
டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தார். சிரித்தார். எதற்குச் சிரித்தார்?

ஜூன் 18
லீவு போட்டவர்களைக் கண்டுபிடித்துவிட்டேன். ஒருத்திக்கு அம்மை. ஒருத்தன் பெரியம்மா வீட்டுக் காதுகுத்துக்குப் போய்விட்டான். அவள் முத்துச்செல்வி பக்கம், அவன் அன்வர் பக்கம். கூட்டிப் பார்த்தால் மறுபடியும் சமம். சனியன்.
குலுக்கல் வேண்டாம். வேண்டவே வேண்டாம்.

ஜூன் 19
மூன்று மணிக்கு மேல் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை ஒன்றாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை எழுதுகிறேன். முப்பத்தொரு பிள்ளைகள். இன்னும் ஏழு பேருக்குப் பெயர் வைக்க வேண்டும்.