பதினொரு மிஸ்ட் கோல்

யூன் 3, செவ்வாய்

மகள் ரியூசன் முடிந்து வர இருபது நிமிடம் பிந்திவிட்டது. அதற்குள் பதினொரு தரம் கோல் எடுத்துவிட்டேன். உட்துறைமுக வீதியில் சைக்கிள் செயின் கழன்றதாம், கையெல்லாம் கிறீஸ். வாசலில் என் முகத்தைப் பார்த்ததும், "என்னம்மா, ஆருக்கும் ஏதும் நடந்திற்றோ?" என்றாள்.

யூன் 5, வியாழன்

இரவு பத்தரை. தவணைப் பரீட்சைக்குப் படிக்கிறாள். "இந்தக் கணக்குப் பிழைச்சா சி தான் வரும், சி வந்தா ஏ.எல்லில மட்ஸ் இல்ல, பிறகு கம்பஸும் இல்ல…" ஒரு திரிகோணகணிதக் கணக்கிலிருந்து அரை நிமிடத்தில் நடுத்தெருவுக்கு வந்துவிட்டாள். "ஒண்டும் நடக்காது பிள்ளை" என்றேன். ஐந்து நிமிடத்தில் திரும்பக் கேட்டாள். திரும்பவும் சொன்னேன். படுக்கும்வரை இதேதான். என் ஆறுதல் தலையிடிக் குளிசைபோல. வேலை செய்யும் நேரம் மட்டும் குறைந்துகொண்டே போகிறது.

யூன் 8, ஞாயிறு

உளவளத்துணை படித்த தங்கச்சி வந்திருந்தாள். ஏட்ரியன் வெல்ஸ் என்ற உளவியலாளர் 1995இல் எழுதியதைச் சொன்னாள்: கவலையை வளர்ப்பது கவலையைப் பற்றி நாம் வைத்திருக்கும் நம்பிக்கைகள்தானாம். 'கவலைப்பட்டால்தான் ஆயத்தமாக இருக்கலாம்' என்பது ஒன்று. 'இந்த யோசனையை நிறுத்த ஏலாது, விசர் பிடிக்கப்போகுது' என்பது மற்றது. இரண்டாவது நம்பிக்கை என் மகளுடையது, வாய்விட்டே சொல்லியிருக்கிறாள்.

முதலாவது என்னுடையது. 2004 மார்கழி 26 காலை உப்புவெளியில் ஒரு கவலையுமில்லாமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். கடல் வந்தது. அன்றிலிருந்து, நான் கவலைப்படாமல் இருக்கும் நாளில்தான் ஏதும் நடக்கும் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு.

"அப்ப எல்லாம் என்ர பிழையோ?" என்று கேட்டேன். இல்லையாம். பரம்பரையும் உண்டு; பயந்த பிள்ளையைக் கண்டால் தாய் இன்னும் இறுக்கிப் பிடிப்பாள், பிடிக்கப் பிடிக்கப் பிள்ளை இன்னும் பயப்படும். சரி. ஆனாலும் தகப்பன்மாரைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்பதில்லை!

யூன் 11, புதன்

"பெயில் விட்டா என்னம்மா?" என்றாள். பதில் சொல்லாமல், "நீ என்ன நினைக்கிறாய்?" என்றேன். கொப்பியை எறிந்துவிட்டுப் போய்விட்டாள். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு வந்து, "அடுத்த தவணை திருத்தலாம் தானே" என்றாள், சுவரைப் பார்த்தபடி.

யூன் 14, சனி

சிநேகிதிகளோடு கோணேசர் கோயிலுக்குச் சைக்கிளில் போயிருக்கிறாள். ஆறு மணிக்கு வருவேன் என்றவள். இப்போது ஆறு மணி ஏழு நிமிடம். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

ஆறு ஒன்பது.