பாளையங்கோட்டை ஹேக்கத்தானில் ஒரு யாழ்ப்பாணத்துக் குரல்

கல்யாணமாகி யாழ்ப்பாணத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்தபோது, சாப்பாடு ஒத்துவருமா என்றுதான் எல்லோரும் கவலைப்பட்டார்கள். அதில் ஒரு குறையும் இருக்கவில்லை. சொதி இங்கேயும் உண்டு. மறுவீட்டு விருந்தில் தேங்காய்ப்பாலும் காய்கறியும் பாசிப்பருப்புமாகக் கெட்டியாக வைத்து, இஞ்சித் துவையலோடு பரிமாறுகிறார்கள். இடியப்பத்துக்கு நாங்கள் விடும் சொதி தண்ணியாக இருக்கும், அவ்வளவுதான்.

எனக்குச் சிரமமாக இருந்தது பேச்சு. வாயைத் திறந்தால் "நீங்க மலையாளமா?" என்று கடையில் கேட்பார்கள். கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை. யாழ்ப்பாணம் என்றதும் சந்தோஷப்பட்டு இன்னும் கொஞ்ச நேரம் பேசுவார்கள். ஆனாலும் போகப் போக, வெளியே ஒரு பேச்சு, அம்மாவோடு போனில் ஒரு பேச்சு என்று ஆகிவிட்டது. நாள் முடிவில் நாக்கு களைத்துப்போயிருக்கும்.

கொழும்பில் மென்பொருள் சோதனை வேலை பார்த்தவள் நான். இங்கே என் விசாவில் வேலைக்குப் போக முடியாது. அதனால், பொறியியல் கடைசி வருஷம் படிக்கும் நாத்தனார் மகன் "அத்தை, எங்க டீம்ல ஒரு ஆள் கொறையுது, வாரியளா?" என்று கேட்டதும் சரி என்றேன். வெளியாட்களும் சேரக்கூடிய செயற்கை நுண்ணறிவு ஹேக்கத்தான். சனி காலை தொடங்கி, ஞாயிறு மாலைக்குள் ஓடுகிற மாதிரி ஒன்றைச் செய்து காட்ட வேண்டும்.

எதைச் செய்வது என்பதில் பெரிய விவாதம் வரவில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தை என்னைத் தவிர எல்லோரும் நேரில் பார்த்தவர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. திருநெல்வேலி ஜங்ஷன் பேருந்து நிலையம் தண்ணீருக்குள். திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுபோனது. எங்கள் அணியில் இருந்த ஸ்ரீவைகுண்டத்துப் பெண் தன் ஆச்சியை மாடிக்குத் தூக்கிப்போன கதையைச் சொன்னாள். ஆச்சி திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதானாம்: "பாவநாசத்துல எம்புட்டு தண்ணி கெடக்கு? தொறந்துட்டாவளா?"

பாபநாசம், மணிமுத்தாறு என்று இந்தப் பக்கத்து அணைகளின் நீர்மட்டம் தினமும் வெளியாகத்தான் செய்கிறது, ஆனால் அட்டவணையாக. ஆச்சிக்கு வாசிக்கத் தெரியாது. சரி, வாட்ஸ்அப்பில் குரலில் கேட்டால் குரலிலேயே பதில் வரட்டும் என்று முடிவு செய்தோம். வெள்ளம் வந்தபிறகு டவர் போய்விடும். முந்தின நாள் உதவினாலே பெரிய விஷயம்.

பேச்சை எழுத்தாக்க விஸ்பர் மாடலை எடுத்துக்கொண்டோம். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் எல்லோருக்கும் திறந்துவிட்டது அது. 6,80,000 மணி நேர ஒலியைக் கேட்டுப் பழகியது என்றாலும் அதில் பெரும்பகுதி ஆங்கிலம், தமிழ் சின்னப் பங்குதான். செய்தி வாசிப்பவரின் தமிழை நன்றாக எழுதியது. என் மாமனார் பேசிய பதிவைக் கொடுத்தால் சொற்கள் சிதறின. எவ்வளவு தப்பு என்று அளக்கும்போது ஒன்று கவனித்தேன். ஆங்கிலத்துக்குப் பழகிய சொல்பிழைக் கணக்கு தமிழுக்குக் கடுமையானது. 'கால்வாயிலிருந்து' என்பதில் ஓர் எழுத்து பிசகினாலும் முழுச் சொல்லையும் தப்பென்று எண்ணிவிடும். ஒவ்வோர் எழுத்தாகப் பிழையை எண்ணும் கணக்கையும் சேர்த்துப் பார்த்த பிறகுதான் மாடல் உண்மையில் எங்கே தடுமாறுகிறது என்று விளங்கியது.

அப்புறம் மாடலுக்கு இந்த ஊர்ப் பேச்சைப் பழக்க, ஆளாளுக்கு வீட்டுக்குப் போன் போட்டு, அனுமதி கேட்டு, குரல் வாங்கினோம். நாங்களும் பேசிப் பதிந்தோம். மின்விசிறிச் சத்தம் விழாத இடம் மாடிப்படிக்குக் கீழேதான் கிடைத்தது. நான் என் முறைக்கு வழக்கம்போல இந்த ஊர்ப் பேச்சில் தொடங்கினேன். ஸ்ரீவைகுண்டத்துப் பெண் நிறுத்தினாள். "அக்கா, ஒங்க வீட்ல பேசுத மாதிரி பேசுங்க. நம்ம மாவட்டத்துல முகாம்ல இருக்கவங்களும் கேப்பாங்கல்லா?"

இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இந்த மாவட்டத்திலும் உண்டு. 1983க்குப் பிறகு கடல் கடந்து வந்து, இங்கேயே பிள்ளை குட்டி பெற்றவர்கள். அணையில் தண்ணீர் எவ்வளவு என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும். அதை ஒரு இருபது வயதுப் பெண் யோசித்தது எனக்கு நெஞ்சை அடைத்தது. "பாவநாசம் டாம்ல எவ்வளவு தண்ணி நிக்குது, திறக்கப் போகினமோ?" என்று கேட்டுப் பதிந்தேன். அதன்பிறகு விடியும்வரை நான் பேச்சை மாற்றவே இல்லை. யாரும் மலையாளமா என்று கேட்கவும் இல்லை.

இரவில் பரோட்டா சால்னாவுக்குப் பிறகுதான் பெரிய சண்டை. பதிலை மொழி மாடலே, அதாவது சாட்ஜிபிடி மாதிரி தானாக வாக்கியம் எழுதும் மாடலே, சொந்தமாகச் சொல்லட்டும் என்றான் நாத்தனார் மகன். நான் விடவில்லை. ஒலியில் மௌனம் வந்தால் விஸ்பரே இல்லாத வாக்கியத்தை எழுதிவிடும். அப்படிப்பட்ட ஒன்றின் கையில் வெள்ள நேரத்து எண்ணைக் கொடுக்கலாமா? கேள்வி எந்த அணையைப் பற்றியது என்பதை மட்டும் மாடல் கண்டுபிடிக்க வேண்டும். எண் அன்றைய அட்டவணையிலிருந்து அப்படியே வர வேண்டும், எந்த நேரத்து அளவு என்பதோடு. முழுக் கொள்ளளவு பாபநாசத்துக்கு 143 அடி, மணிமுத்தாறுக்கு 118 அடி. அதையும் கூடவே சொன்னால்தான் ஆச்சிக்குக் கணக்குப் பிடிபடும். கேள்வி புரியாவிட்டால் புரியவில்லை என்று சொல்லித் திரும்பக் கேட்க வேண்டும். சோதனை வேலை பார்த்த வருஷங்கள் அத்தனையும் அந்த ராத்திரி எனக்குக் கைகொடுத்தன.

ஞாயிறு மாலை நடுவர் முன்னால் ஆச்சியின் குரலுக்குப் பதில் வந்தது. என் குரலுக்கும் வந்தது. பரிசு வேறொரு அணிக்குப் போனது. அவர்கள் செய்ததும் நல்ல வேலை.

நாங்கள் விடவில்லை. முகாம்களில் குரல் பதிவு செய்ய அனுமதி கேட்டு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். கிடைத்ததும் கேள்விகளை நான்தான் கேட்க வேண்டும், அதுவும் என் ஊர்ப் பேச்சில்தான் கதைக்க வேண்டும் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.