முன்பக்கம் ஜெபம், பின்பக்கம் கணக்கு

என்னிடம் ஒரு நோட்டு இருக்கிறது. முன்பக்கத்திலிருந்து ஜெபக்குறிப்புகள், திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்திலிருந்து வீட்டுக் கணக்கு. இரண்டுக்கும் தனித்தனி நோட்டு எதற்கு என்று ஆரம்பித்தது, பழக்கமாகிவிட்டது. வேலை இல்லாமல் இருந்த மாதங்களில் இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி வந்து, நடுவில் நாலைந்து தாள்தான் மிச்சம் இருந்தது.

வேலை போன கதையில் விசேஷம் ஒன்றுமில்லை. ஆட்குறைப்பு என்றார்கள், ஒரு கடிதம் கொடுத்தார்கள்.

இப்போது அந்தப் பக்கங்களைப் புரட்டினால் எனக்கே சிரிப்பு வருகிறது. "ஆண்டவரே, ஆறு மாதத்துக்குக் கவலைப்படாத அளவுக்கு வழி திறவும்" என்று திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறேன். கொஞ்ச நாளில் ஆறு மாதம் ஒரு வருஷமாகிவிட்டது. கேட்பதுதான் கேட்கிறோம், சேர்த்தே கேட்டுவிடலாமே என்ற எண்ணம்தான். பின்பக்கத்தில் வரவுப் பத்தி காலியாகக் கிடக்கும். செலவுப் பத்தி மட்டும் ஒழுங்காக வளரும்.

ஒருநாள் ராத்திரி தூக்கம் வராமல், இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தை மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலிருந்து ஒரே மூச்சில் ஒப்பித்த ஜெபம். "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." அந்த 'இன்று' எனக்குத் தொண்டையில் சிக்கியது. ஆறு மாதம் எங்கே, இன்று எங்கே? அதே ஜெபம் லூக்கா சுவிசேஷத்தில் 'அன்றன்றும்' என்று இருக்கிறது. அதாவது நாளைக்கும் வந்து கேட்க வேண்டும், நாளை மறுநாளும்.

இந்த 'வேண்டிய' என்ற இடத்தில் கிரேக்கத்தில் வரும் சொல் விசித்திரமானது. மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த வேத அறிஞர் ஓரிகனே, இந்தச் சொல்லை மக்கள் பேச்சில் காணோம், சுவிசேஷகர்களே உண்டாக்கியதுபோல் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார். அன்றாடத்துக்கானது, வாழத் தேவையானது, வரப்போகும் நாளுக்கானது என்று பல விதமாக அர்த்தம் சொல்கிறார்கள். எப்படி எடுத்துக்கொண்டாலும் 'ஒரு வருஷத்துக்கானது' என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன்!

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கடவுள் தினமும் தந்த உணவான மன்னாவும் அப்படித்தானே. ஆளுக்கு ஒரு ஓமர், இன்றைய கணக்கில் ஏறக்குறைய 2 லிட்டர். ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் மட்டும் இரட்டிப்பு. மற்ற நாளில் விடியும்வரை எடுத்து வைத்தால் புழு வைத்து நாறியது. அப்படி எடுத்து வைத்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்றுதான் ஞாயிறு பள்ளியில் படித்தேன். வேலை போனபிறகு வாசித்தபோது அவர்கள்மேல் பரிதாபம்தான் வந்தது. நாளைக் காலை கூடாரத்துக்கு வெளியே ஒன்றும் இல்லாமல் போனால்? பயம், வேறென்ன.

என் பயத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. நான் கேட்டது பணமாக இருந்தாலும், உண்மையில் வேண்டியிருந்தது இனி யாரிடமும் கேட்கத் தேவையில்லாத நிலை. கடவுளிடம்கூட.

எங்கள் ஜெபக்குழுவில் ஒவ்வொருவராக ஜெபக்குறிப்பு சொல்வோம். அந்த மாதங்கள் முழுக்க நான் மற்றவர்களுடைய வியாதி, மற்றவர்களுடைய பிள்ளைகளின் பரீட்சை என்றே சொல்லி ஒப்பேற்றினேன். ஒருநாள் வாய் தவறி, "வேலைக்காகவும் ஜெபிச்சுக்கோங்க" என்றேன். யாருடைய வேலைக்காக என்று கேட்டார்கள். என்னுடைய வேலைக்காக என்று சொல்லவேண்டியதாயிற்று.

முடிந்து வெளியே வந்ததும் குழுவில் மூத்தவரான ஒரு அக்கா கையைப் பிடித்து ஓரமாக நிறுத்தினார்.

"எத்தனை மாசமாம்மா?"

"ஏழு மாசம், அக்கா. ஆண்டவர் பார்த்துக்குவார்னு இருந்துட்டேன்."

"அவர் பார்த்துக்குவாரும்மா, நானும் அதைத்தான் சொல்லுவேன். ஆனா நீ எங்க யாரையும் பார்க்கவே விடலையே."

மோரியா மலையில், பலிக்கு ஆட்டுக்குட்டி எங்கே என்று கேட்ட மகன் ஈசாக்கிடம் ஆபிரகாம் சொன்ன பதில் அதுதான்: தேவன் பார்த்துக்கொள்வார். எபிரெயுவிலும் அந்த இடத்தில் 'பார்' என்பதே வினை. தமிழில் பார்ப்பதும் பராமரிப்பதும் ஒரே சொல்லுக்குள் தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. நான் ஏழு மாதமாக அந்தச் சொல்லை ஒரு திரைபோல முன்னால் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்திருந்தேன்.

மறுவாரம் அந்த அக்கா ஒரு உறையை என் நோட்டுக்குள் செருகிவிட்டு, நான் பேச வாயெடுப்பதற்குள் போய்விட்டார்.

சபையில் சொல்லப்படும் சாட்சிகளில் உறைக்குள் சரியாகத் தேவைப்பட்ட தொகை, காசு பிசகாமல் இருக்கும். இதில் அப்படி இல்லை. அந்த மாதத்துக்கே பற்றவில்லை. (பற்றாமல் போன சாட்சிகளையும் யாராவது மேடையில் சொன்னால் நன்றாக இருக்கும். விசுவாசம் குறைந்ததால்தான் குறைச்சல் என்று சொல்லும் பிரசங்கங்களை நான் பாதியில் நிறுத்திவிடுவேன்.)

"என் தேவன் உங்கள் குறைவையெல்லாம் நிறைவாக்குவார்" என்ற பிலிப்பியர் வசனத்தைச் சுவரில் மாட்டியிருந்தேன். அன்று அதற்கு முன்னால் உள்ள வசனங்களைச் சேர்த்து வாசித்தேன். காவலில் இருக்கும் ஒரு மனிதன், பணம் அனுப்பியவர்களுக்கு எழுதும் நன்றிக் கடிதம் அது. அதை எழுதிய அப்போஸ்தலர் பவுல் பசியும் குளிரும் அனுபவித்தவர். கொரிந்தியருக்கு அவரே அதைப் பட்டியல் போட்டிருக்கிறார். உதவியைக் கொண்டுவந்த எப்பாப்பிரோதீத்து வியாதிப்பட்டுச் சாகக் கிடந்தார். வாங்கிக்கொண்டதைப் பற்றிப் பேசும்போது பவுல் 'கணக்கு' என்றே எழுதுகிறார், கொடுத்தவர்களுடைய கணக்கு. நான் சட்டம் போட்டு மாட்டியது வாக்குத்தத்தத்தை மட்டும். அது வந்து சேர்ந்த கைகளை வெட்டி எறிந்துவிட்டேன்.

அன்று ராத்திரி கணக்கு எழுத உட்கார்ந்தேன். வரவுப் பத்தியில் தொகையை எழுதியாயிற்று. எதிரே என்ன எழுதுவது? 'கடன்' என்றால் அக்கா ஒத்துக்கொள்ளமாட்டார். 'உதவி' என்று எழுதக் கை வரவில்லை. நீதிமொழிகளில் ஆகூர் என்பவர் வேண்டுகிறார்: தரித்திரமும் வேண்டாம், ஐசுவரியமும் வேண்டாம், "என் படியை எனக்கு அளந்து" போஷியும். கடைசியில் 'படி' என்று எழுதினேன்.

மேலும் நாலு மாதம் கழித்து வேலை கிடைத்தது, முன்பைவிடச் சம்பளம் குறைவு. அதற்குள் இன்னும் மூன்று 'படி' விழுந்திருந்தது, மூன்றும் வேறு வேறு கைகளிலிருந்து. நோட்டு தீர்ந்து, புதியது வாங்கி, அதிலும் முன்பக்கம், பின்பக்கம் என்றுதான் ஓடுகிறது. நேற்று ராத்திரி ஏதோ யோசனையில் ஆறு மாதச் செலவைக் கூட்டிப் பார்த்திருக்கிறேன். காலையில் நோட்டைத் திறந்தபோதுதான் கவனித்தேன், கூட்டல் போட்டிருப்பது முன்பக்கத்தில்.