ஹார்மனி பிரிகேட் வார இறுதி: பாரிடோனின் ஏழாவது சுரம் கடைசியில் சேர்ந்தது

கடைசியில் சேர்ந்துவிட்டது. பார்பர்ஷாப் (வாத்தியம் இல்லாமல் நான்கு குரல்கள் நெருங்கிச் சேரும் அமெரிக்கப் பாணி) பாடுகிறவர்கள் கூடும் பிரிகேட் வார இறுதியின் முதல் நாள் இரவு, ஓட்டல் மாடிப்படியில், அதுவரை ஒன்றாகப் பாடியிராத நான்கு பேர் பிடித்த டேக்கில் (பாட்டின் சின்ன முடிவுப் பகுதி) ஏழாம் கார்டு, அதாவது அடிச்சுரமும் மூன்றாவது, ஐந்தாவது, ஏழாவது சுரங்களும் ஒரே நேரத்தில் ஒலிக்கும் சேர்க்கை, துளி விம்மல் (சுருதி சற்று விலகினால் கேட்கும் அதிர்வு) இல்லாமல் நின்றது. நால்வரில் யாரும் பாடாத ஓர் உச்ச சுரம் தலைக்கு மேலே தனியாகக் கேட்டது. பார்பர்ஷாப் பாடுகிற எல்லாரும் அலைவது இந்த ரிங்குக்காகத்தான். நால்வரில் லீட் மெட்டைப் பாடுவார், டெனர் அதற்கு மேலே, பேஸ் அடியில், பாரிடோன் மிச்சமிருக்கும் சுரத்தை நிரப்புவார். பாரிடோன் பாடுகிறவர்களுக்கு இந்த இடம் எவ்வளவு முரண்டு பிடிக்கும் என்று தெரியும். அதனால் இந்தப் பதிவில் பெரும்பகுதி அந்த ஒரு சுரத்துக்கே. மற்ற பாட்டுகளின் நிலவரம் கடைசியில்.

பிரிகேட் நடப்பு இதுதான்: ஏறக்குறைய ஒரு டஜன் பாட்டுகளின் தாள்களும் பயிற்சி ஒலிப்பதிவுகளும் மாதக்கணக்கில் முன்பே வந்துவிடும். தாள் இல்லாமல், தன் பகுதியைத் தனியாளாகத் தாங்கும் அளவுக்கு மனப்பாடம் செய்துகொண்டு போக வேண்டும். அங்கே பெயர்களைக் குலுக்கி நால்வர் அணி அமைப்பார்கள். டெனர் யார், பேஸ் யார் என்பது அந்த நிமிடம்தான் தெரியும். சர்வதேசப் போட்டியில் தங்கம் வென்றவர்களும் சாதாரண ஆளாக வந்து பாடுவதுதான் இதன் அழகு. தங்கம் வென்ற அணி அதே நால்வராக மறுபடி போட்டியில் நிற்க முடியாது. ஆனால் தனி ஆட்கள் வேறு அணி அமைத்துத் திரும்பி வரலாம். டோனி டி ரோசா அப்படித்தான் 1992-இல் கீப்சேக், 2000-இல் பிளாட்டினம், 2007-இல் மேக்ஸ் கியூ, 2017-இல் மெயின் ஸ்ட்ரீட் என்று நான்கு தங்கம் எடுத்தார். முதலில் பாரிடோனாக வென்றவர், பிறகு லீடாகவும் வென்றார். பாரிடோன் கற்கிறவர்கள் அவருடைய பழைய ஒலிப்பதிவுகளைத் தேடிப் பிடித்துக் கேட்பது நல்லது.

விஷயத்துக்கு வருவோம். பேஸ் ஏ சுரத்தில், அதாவது 110 ஹெர்ட்ஸில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாரிடோனுக்கு ஜி, லீடுக்கு சி ஷார்ப், டெனருக்கு ஈ. கார்டு சுத்தமாகச் சேர வேண்டுமானால் இந்த நான்கும் 110, 192.5, 275, 330 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். நான்குமே 27.5-இன் மடங்குகள்: 4, 7, 10, 12. பியானோவில் அதே சுரங்களைத் தட்டினால் ஜி 196-லும் சி ஷார்ப் 277.2-லும் இருக்கும். லீடுக்கு வித்தியாசம் 14 சென்ட் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்குதான் ஒரு சென்ட்). பாரிடோனுக்கோ 31 சென்ட், அதாவது அரைச் சுரத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு. டெனருக்கு 2 சென்ட்தான், அவர் பிழைத்துக்கொள்வார்.

இந்த 31 சென்ட் காதில் என்ன செய்யும்? எந்தக் குரலிலும் அதன் அதிர்வெண்ணின் மடங்குகள் மேற்சுரங்களாகக் கூடவே ஒலிக்கும். பேஸ் குரலின் ஏழு மடங்கு 770 ஹெர்ட்ஸ். பாரிடோனின் நான்கு மடங்கும் 770-இல் வந்து அதன் மேல் உட்கார வேண்டும். பாரிடோன் பியானோ ஜி-யில் நின்றால் அது 784 ஆகிவிடும். வினாடிக்கு 14 விம்மல். அவ்வளவு வேகமாக விம்மும்போது அது விம்மலாகவே தெரியாது. கார்டு சொரசொரவென்று, எங்கோ மணல் விழுந்த மாதிரி இருக்கும். யாரும் அபசுரம் பாடவில்லை, ஆனாலும் ரிங் வராது. பழியைப் பெரும்பாலும் டெனர் மேல் போடுவார்கள், உயரத்தில் இருப்பவர் குரல்தான் முதலில் காதில் விழும் என்பதால். சோதித்துப் பார்த்தால் பல சமயம் ஆள் பாரிடோன்தான்.

காரணம் பயிற்சி முறையில் இருக்கிறது. கணினியில் தட்டச்சிட்ட இசைத்தாளிலிருந்து தானாக உருவான ஒலிப்பதிவை வைத்துக் கற்றால் 196 காதில் ஊறிவிடும். கைபேசி டியூனர் செயலியைப் பார்த்துப் பழகினாலும் அதே கதி. முள் நடுவில் நின்றால் பச்சை விளக்கு எரியும், கார்டு சேராது. மனிதர் நான்கு பகுதிகளையும் பாடிப் பதிவு செய்த பயிற்சி ஒலிப்பதிவுகள்தான் உருப்படி. இந்தத் துறையில் பலரும் நாடுவது டிம் வாரிக் பாடித் தரும் பதிவுகளை. 2006-இல் தங்கம் வென்ற வோக்கல் ஸ்பெக்ட்ரம் அணியின் டெனர் அவர். நம் பகுதி ஒரு காதில், மற்ற மூன்றும் மறு காதில் என்று பிரித்து வரும் பதிவாக வாங்குங்கள். சுரம் மனதில் பதிந்ததும் நம் பகுதி வரும் காதை அணைத்துவிட்டு மற்ற மூவரோடு பாட வேண்டும். அந்தக் காதை அணைக்காமலே மாதக்கணக்கில் பாடிவிட்டு, பிரிகேடில் வந்து தடுமாறுகிறவர்கள் நிறைய.

இனி சுரத்தைப் பிடிக்கும் வழி. நம் வீட்டு சுருதிப்பெட்டியே இதற்குச் சிறந்த கருவி. ஆறு கட்டையில் வைத்தால் ஸட்ஜம் ஏ. பஞ்சமத்தை அணைத்துவிட்டு ஸட்ஜம் மட்டும் ஓடவிடுங்கள். முதலில் அந்தர காந்தாரத்தைப் பாடி விம்மல் அடங்கும் இடத்தைப் பிடிக்க வேண்டும். தம்பூராவின் மந்தர ஸட்ஜத் தந்தியில் தானாக எழும் அதே காந்தாரம்தான் இது, ஸட்ஜத்தின் 5/4 மடங்கு. கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று பிடிபடும். பியானோவில் தொடங்கியவர்கள் இதற்கே திணறுவார்கள்.

ஏழாவது சுரத்தில்தான் நமக்கும் சிக்கல். கைசிகி நிஷாதத்தை 16/9 என்று எடுத்தால் அது ஸட்ஜத்திலிருந்து 996 சென்ட், கிட்டத்தட்ட பியானோ இருக்கும் இடம். பார்பர்ஷாப்புக்கு வேண்டியது 7/4, அதாவது 969. நமக்குப் பழகிய நிஷாதத்திலிருந்து இன்னும் 27 சென்ட் இறங்க வேண்டும். காது 'இது சுருதி குறைந்துவிட்டது' என்று எச்சரிக்கும். அதைப் பொருட்படுத்தாமல் மிக மெதுவாக வழுக்கிக்கொண்டே இறங்குங்கள். சொரசொரப்பு முதலில் வேகமான நடுக்கமாகும், பிறகு எண்ணக்கூடிய விம்மலாகும், பிறகு நின்றுவிடும். கடைசி அரை ஹெர்ட்ஸில் வினாடிக்கு இரண்டு விம்மல் கேட்கும், அதுதான் அடையாளம். நின்ற இடத்தைத் தாண்டினால் விம்மல் திரும்ப வரும். மேலும் கீழும் போய்ப் பார்த்துவிட்டு நடுவில் நில்லுங்கள்.

இதை 'ஆ' என்ற உயிரில் செய்ய வேண்டும். ஆண் குரலில் 'ஆ' சொல்லும்போது வாய்க்குழி தூக்கிக் கொடுக்கும் முதல் பட்டை ஏறக்குறைய 700 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கிறது. நமக்கு வேண்டிய 770 அதற்குள் விழுகிறது. 'ஊ' சொன்னால் அந்தப் பகுதி மங்கிவிடும், விம்மல் கேட்கவே கேட்காது. விம்மல் கேட்கவில்லை என்பதால் சேர்ந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது.

நான்கு பேராகச் செய்யும்போது நுழையும் வரிசை முக்கியம். பேஸ் முதலில் நிற்க, டெனர் ஐந்தாவது சுரத்தோடு சேரட்டும், அது எளிதில் பூட்டிக்கொள்ளும். அடுத்து லீட். பாரிடோன் கடைசியாக, மெல்லிய குரலில், மேலிருந்து வழுக்கி இறங்கி உட்கார வேண்டும். பாரிடோனும் லீடும் முதலில் ஜோடி சேர்ந்தால் இருவரும் ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள், பேஸ் அடித்தளம் இருந்தும் பயனில்லை. சத்தத்தின் அளவும் சுரத்தைப் பொறுத்தது. அடிச்சுரமோ ஐந்தாவது சுரமோ கையில் இருந்தால் திடமாகப் பாடலாம். மூன்றாவதோ ஏழாவதோ வந்தால் குறைத்துக்கொள்ள வேண்டும். பாரிடோன் ஒரே வரியில் லீடுக்கு மேலும் கீழும் தாவுவதால், மேலே போகும் ஒவ்வொரு முறையும் குரலை மெலிதாக்குவது தனிப் பயிற்சி.

கார்டு நின்றதும் வேலை முடிந்துவிடாது. அதிலிருந்து இறங்கும் படிதான் அணியின் சுருதியைக் கெடுப்பது. ஏ ஏழாம் கார்டிலிருந்து டி மேஜருக்குப் போகிறோம். பாரிடோன் ஜி-யிலிருந்து எஃப் ஷார்ப்புக்கு, அதாவது 192.5-இலிருந்து 183.3-க்கு. இது 21/20 என்ற படி, 85 சென்ட்தான். பியானோவின் அரைச் சுரமோ 100 சென்ட். ஏற்கெனவே தாழ்ந்து நிற்கும் பாரிடோன் பழக்க தோஷத்தில் முழு அரைச் சுரம் இறங்கினால் 15 சென்ட் கூடுதலாக இறங்கிவிடுவார். அதே நேரத்தில் லீட் 275-இலிருந்து 293.3-க்கு ஏற வேண்டும், அது 112 சென்ட். அவர் 100 ஏறி நிறுத்திக்கொண்டால் 12 சென்ட் பள்ளம். இருவரும் சேர்ந்து கீழே இழுக்க, பேஸ் காதால் கேட்டு அவர்களோடு இறங்கிவிடுவார். பார்பர்ஷாப் பாட்டில் இப்படி ஐந்தாம் சுர வட்டத்தில் (ஏ-யிலிருந்து டி போல, ஒவ்வொரு கார்டும் ஐந்து சுரம் கீழே போகும் வரிசை) ஏழாம் கார்டுகள் அடுத்தடுத்து வரும் என்பதால், பாட்டு முடியும்போது பிட்ச் பைப் (சுருதி எடுக்கும் சின்ன ஊதுகருவி) ஊதிப் பார்த்தால் அரைச் சுரம் போயிருக்கும். மூச்சு போதவில்லை, களைப்பு என்று சமாதானம் சொல்வதை விட இந்த இரண்டு படிகளையும் தனியாக எடுத்துப் பழகினால் பலன் கண்கூடாகத் தெரியும். பாரிடோன் 'இறங்குவதே தெரியாமல்' இறங்க வேண்டும், லீட் 'கொஞ்சம் அதிகமோ' என்று தோன்றும் அளவுக்கு ஏற வேண்டும்.

இன்னொரு இடைஞ்சல் ஆங்கிலச் சொற்களின் இரட்டை உயிர்கள். 'நைட்' என்ற சொல்லில் போஸ்ட் (ஒரே சுரத்தை நீளமாக நிறுத்துவது) பிடித்தால் 'நா' என்ற ஆகாரத்திலேயே நீளம் முழுவதும் நின்று, ட் வருவதற்குச் சற்று முன்புதான் நால்வரும் ஒரே சமயத்தில் இகரத்துக்குத் திரும்ப வேண்டும். ஒருவர் முந்தினாலும் மேற்சுரங்கள் குலைந்து ரிங் அந்த இடத்திலேயே அறுந்துவிடும். குறில் நெடில் பழகிய தமிழ் வாய்க்கு ஆகாரத்தைச் சுத்தமாக நிறுத்துவது இயல்பாகவே வருகிறது. அதில் நமக்கு ஒரு சாதகம் இருக்கிறது என்று தாராளமாகச் சொல்லிக்கொள்ளலாம்.

பிட்ச் பைப் பற்றி ஒரு வார்த்தை. கிராட் மாஸ்டர் கீ, எஃப் முதல் எஃப் வரை உள்ளதை வாங்குங்கள். சி முதல் சி வரை உள்ளதும் கிடைக்கும், ஆனால் அணிகளில் பரவலாகப் புழங்குவது முதலாவது. பலமாக ஊதினால் உள்ளே அதிரும் உலோக நாக்கின் (ரீட்) சுருதி இறங்கும். மெல்ல, ஒரே சீராக ஊத வேண்டும். சாப்பிட்டவுடன் ஊதாதீர்கள், துணுக்கு போய் ஒட்டிக்கொண்டால் அந்தச் சுரம் செத்துவிடும். சட்டைப் பையில் வெறுமனே போட்டால் நூல் தூசி சேரும், சின்ன உறை அவசியம். கைபேசி செயலி ஓட்டல் வரவேற்பறை இரைச்சலில் எடுபடாது.

டேக் கற்பிக்கிறவரிடம் நிற்கும்போது, அவர் நம் பகுதியைப் பாடிக் காட்டி முடிக்கும் வரை வாயைத் திறக்காமல் கேட்பது மரியாதை மட்டுமில்லை, அதுதான் வேகமான வழியும்கூட. ஒரு பகுதிக்கு ஒரே ஆள், நாலு பேர் நெருங்கி அரைவட்டமாக. கம்பளம் விரித்த அறையை விட மாடிப்படியும் ஓடு பதித்த நடையும் நல்லது. தங்கப் பதக்கக்காரர்கள் கிடைத்தால் பொதுவாகப் பாராட்டிவிட்டுப் போகாமல் ஒரு குறிப்பிட்ட கார்டைக் காட்டிக் கேளுங்கள். உடனே இன்னும் மூன்று பேரைக் கூப்பிட்டு அதையே நிறுத்திக் காட்டுவார்கள்.

இப்படி யாரும் யாரோடும் பாடலாம் என்ற நிலை எளிதில் வந்ததில்லை என்பதும் நினைவில் இருக்க வேண்டும். 1938-இல் அமெரிக்காவின் டல்சாவில் ஓ. சி. கேஷும் ரூபர்ட் ஹாலும் தொடங்கிய பார்பர்ஷாப் சங்கம், இந்தப் பாணி உருவாக வேராக இருந்த கறுப்பினப் பாடகர்களை 1963 வரை ஒதுக்கியே வைத்திருந்தது. 1941-இல் நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரெட் கேப்ஸ் அணியைத் தேசியப் போட்டியில் பாட விடவில்லை. பெண்களுக்கு முழு உறுப்பினர் கதவு திறந்தது 2018-இல்தான். குலுக்கலில் பலவகைக் குரல்கள் ஒன்றாக நிற்பதைக் கேட்கும்போது, இத்தனை காலம் இழந்தது எவ்வளவு என்று புரிகிறது.

பட்டியல் நிலவரம்: மெதுவான பாட்டுகள் எல்லாம் தாள் இல்லாமல் நிற்கின்றன. வேகப் பாட்டு ஒன்றில் பாரிடோன் லீடைத் தாண்டும் நான்கு தாளக் கட்டங்கள் இன்னும் கரகரப்பாகவே இருக்கின்றன. அங்கே ஒவ்வொரு சுரத்துக்கும் நேரம் குறைவு என்பதால் காதால் கேட்டுத் திருத்த வாய்ப்பில்லை, தொண்டைக்கே இடம் மனப்பாடமாக வேண்டும். பாதி வேகத்தில் ஓடவிட்டுப் பழகுவது நடந்துகொண்டிருக்கிறது. அடுத்த வார இறுதிக்கு முன் இரண்டு வேலைகள்: அதே பாட்டுகளின் டெனர் பகுதியையும் கற்பது, குலுக்கலுக்கு வெளியே டெனர் கிடைக்காமல் திண்டாடும் நால்வர்கள் எப்போதும் உண்டு. பிறகு உட்ஷெட்டிங், தாளே இல்லாமல் லீட் பாடப் பாட மற்ற மூவரும் காதாலேயே கார்டு கட்டுவது. அதற்கு 1900-களின் தொடக்கத்துப் பழைய மெட்டுகள்தான் தோது, அடுத்த கார்டு எங்கே போகும் என்று ஊகிக்க முடியும். நான்கு குரல்களுக்குப் பிரித்தெழுதிய புதிய ஏற்பாடுகளுக்குத் தாள் வாங்குகிறவர்கள் ஒரு பிரதி வாங்கி நகலெடுக்காமல், ஆளுக்கொன்று என்று நான்கு பிரதி வாங்கிவிடுங்கள். போட்டியில் பாடுவதென்றால் உரிமைச் சான்று கேட்பார்கள்.