வெட்டுக்கோடு

"தம்பி, கட்டமைப்புப் படத்தில் இங்கே ஒரு பீம் இருக்கிறது. உங்கள் வெட்டுமுகத்தில் காணவில்லையே?"

திருகோணமலை உப்புவெளியில் எழும்பும் வீட்டின் படிக்கட்டடியில் நின்று மேசன் ஐயா கேட்டார். வீட்டை வெட்டி உள்ளே பார்ப்பதுபோல் நான் வரைந்த வெட்டுமுகத் தாளில் சீமெந்து காய்ந்த விரல் மேலும் கீழும் அலைந்தது.

உண்மைதான். இல்லை.

இரவு, கட்டடப் படம் வரையும் மென்பொருளான ரெவிட்டைத் திறந்தேன். எங்கே வெட்டிப் பார்ப்பது என்று காட்டும் வெட்டுக்கோடு படிக்கட்டைத் தொடாமல் கூடத்தின் நடுவால் நேராகப் போயிருந்தது. அதை இடையில் முறித்து, ஒரு துண்டை மட்டும் படிகளின் மேல் நகர்த்தினேன். வெட்டுக்கு அப்பால் எவ்வளவு தூரம் தெரியும் என்ற பார்வை ஆழத்தைப் பின்சுவர் வரை இழுத்தேன்.

ஒன்பதாம் படிக்கு நேர் மேலே பீம். இடைவெளி 5 அடி 8 அங்குலம்! 6 அடி 8 அங்குலமாவது வேண்டும். அரிசி மூட்டையோடு ஏறுபவரின் நெற்றி அதில்தான் மோதும்.

மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த தளப்படத்தில் எல்லாம் சரியாகவே தெரிந்தது. உயரம் அதில் தெரியாதே.

கையால் வரைந்தவர்கள் வெட்டை மாற்றினால் அந்தப் படத்தையே மறுபடி வரைய வேண்டியிருந்தது. அதனால் கோடு போடுமுன் நெடுநேரம் யோசித்தார்கள். எனக்கோ நகர்த்த அரை நிமிடம் போதும், யோசிக்கத்தான் மறந்துவிட்டேன்.

காலை முதல் பஸ்ஸில் போகிறேன். பீமுக்குக் கொங்கிறீட் வார்க்கப் பலகை அடிக்குமுன் புதிய தாள் ஐயாவின் கையில் இருக்க வேண்டும்.